பழைய டியூப் டிவியே மேல் என்கிறார் அப்பா. 55 இன்ச் 4கே வாங்கியது தண்டமா?

காட்பாடிக்காரன்:

வணக்கம். போன மாதம் அப்பாவுக்காக 55 இன்ச் 4கே டிவி ஒன்று வாங்கினேன், 38,000 ரூபாய். அதற்கு முன் வீட்டில் இருந்தது 21 இன்ச் டியூப் டிவி, பின்பக்கம் தொந்தி வைத்த பெட்டி, 2003இல் வாங்கியது, இன்னமும் ஓடுகிறது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பகல் முழுக்க கேபிளில் பழைய படம், ராத்திரி எங்களோடு உட்கார்ந்து ஓடிடியில் ஏதாவது ஒரு புதுப்படம், இதுதான் அவர் நாள்.

கடையில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. ஏதோ கடலுக்கடியில் மீன் நீந்துகிறது, செதிலை எண்ணலாம் போலிருந்தது. வீட்டில் மாட்டிய முதல் நாளே அப்பா குறை சொல்ல ஆரம்பித்தார், இன்று வரை நிறுத்தவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "மூஞ்செல்லாம் மெழுகு பொம்மை மாதிரி வழவழன்னு இருக்கு." "எம்.ஜி.ஆர். எப்பய்யா இவ்ளோ குண்டானாரு?" "வெள்ளை வேட்டி சொட்டு நீலம் அதிகமா போட்ட மாதிரி தெரியுது." நாலாவதுதான் எனக்குப் புரியவே இல்லை: ராத்திரி புதுப்படம் போட்டால் "படம் மாதிரியே இல்ல, சீரியல் மாதிரி ஓடுது" என்கிறார்.

வயசானவர், கண் பழகவில்லை என்று விட்டுவிடலாமா? இல்லை, நான்தான் ஏமாந்துவிட்டேனா? கடைக்காரரைக் கேட்டால் இன்னும் 30,000 போட்டு மேல் மாடல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஹாலில் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே 11 அடி இருக்கும்.

கிரீன் சர்க்கிள்:

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டதால் அந்த ஒரு இடம் காலியாக இருந்தது. இப்போது "4கே இல்லாத 4கே டிவி" என்று போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

குடியாத்தம் மெக்கானிக்:

தம்பி, 26 வருடமாக டிவி பழுது பார்க்கிறேன். பிக்சர் டியூப் மாற்றியவன், இப்போது பேக்லைட் பட்டை மாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அப்பா சொன்ன நாலுமே சரி, ஒன்றுகூட மனப்பிரமை இல்லை. முதலில் டிவிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், செட்டாப் பாக்ஸிலிருந்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலை ஒயர் வந்து சொருகியிருக்கிறதா? நான் போகிற பாதி வீடுகளில் அப்படித்தான் இருக்கிறது. பழைய டிவியைக் கழற்றி, அதே ஒயரைப் புது டிவியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து வருகின்றன, டிவி அதைப் பிரித்தெடுக்கும்போதே ஓரமெல்லாம் கசிந்துவிடும்.

ஒயரை விடுங்கள், வருகிற படமே சின்னது. சாதாரண கேபிள் சேனல் நல்ல நிலையில் வந்தால் 720க்கு 576 புள்ளி, மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். உங்கள் டிவியில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. 20 பேருக்கு இலை போட்டாயிற்று, ஒருவருக்கான குழம்புதான் வந்திருக்கிறது, சமையல்காரர் என்ன செய்வார், தண்ணீரை ஊற்றி எல்லா இலைக்கும் பரிமாறுவார். டிவியும் அதைத்தான் செய்கிறது, 20 புள்ளியில் 19ஐத் தானாக ஊகித்து நிரப்புகிறது. அப்படி நிரப்பினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியுமே, அதை மறைக்க "நாய்ஸ் ரிடக்ஷன்" என்று ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் மூஞ்சியில் மெழுகு பூசுகிறது. பழைய 21 இன்ச்சிலும் அதே படம்தான் வந்தது, ஆனால் புது டிவியின் பரப்பு அதைப்போல 6 மடங்கு. அதோடு, டியூபுக்குள் இருக்கிற பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு ஓரங்களைக் கொஞ்சம் மழுப்பிக் காட்டும், குறை வெளியே தெரியாது. எல்சிடி காட்டிக்கொடுத்துவிடும்.

எம்.ஜி.ஆர். குண்டானது சின்ன விஷயம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 4க்கு 3 சட்டத்தில் எடுத்தவை, உங்கள் டிவி 16க்கு 9. செட்டாப் பாக்ஸோ டிவியோ அதை இழுத்து நிரப்புகிறது, மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடும். ரிமோட்டில் ஆஸ்பெக்ட் என்றோ பிக்சர் சைஸ் என்றோ இருக்கும், 4:3 வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கும், அப்பா ஏதும் சொல்லமாட்டார்.

சொட்டு நீலத்துக்குக் காரணம் "விவிட்" மோடு. கடையில் டியூப்லைட்டும் எல்இடியுமாக வெளிச்சம் கொட்டுகிறது, அங்கே பத்து டிவிக்கு நடுவே பளிச்சென்று தெரிய வெள்ளையில் நீலத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்தும் பெரும்பாலானோர் அதை மாற்றுவதே இல்லை. "சினிமா" அல்லது "மூவி" மோடுக்கு மாற்றி, கலர் டெம்பரேச்சரை "வார்ம்" வையுங்கள். ஷார்ப்னஸைக் குறையுங்கள், அதை ஏற்றினால் விவரம் கூடாது, எல்லாவற்றின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான்.

நாலாவது புகார்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சினிமா வினாடிக்கு 24 சட்டம், அதாவது 24 பிரேம். பழைய டிவி ஒளிபரப்பில் எடுத்த சீரியல், செய்தி, கிரிக்கெட் எல்லாம் வினாடிக்கு 50 தடவை புதுப்பிக்கிற படம், அதனால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். இது சினிமா, இது டிவி என்று நம் கண் இத்தனை வருடமாகப் பிரித்துப் பழகியிருப்பது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். புது டிவி என்ன செய்கிறதென்றால், 24 சட்டத்துக்கு நடுவே தானாகச் சட்டங்களை உருவாக்கிச் செருகுகிறது. படம் வழுக்குகிறது, அப்பாவுக்கு அது சீரியலாகத் தெரிகிறது. மெனுவில் "மோஷன்" என்று தொடங்கும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். ஹாலிவுட் இயக்குநர்களே இதைத் திட்டித் திட்டி, கடைசியில் 2019இல் "பிலிம்மேக்கர் மோட்" என்று ஒன்று அறிவிக்கப்பட்டது, இந்த மாதிரி வேலையையெல்லாம் ஒரே அடியாக நிறுத்துவதற்கென்றே. உங்கள் டிவியில் அது இருந்தால் புதுப்படத்துக்கு அதையே வைத்துவிடுங்கள்.

30,000 எல்லாம் போடாதீர்கள். என்னைக் கேட்டால் 4கே என்பதே கடைக்காரருக்குத்தான் பிரயோஜனம்.

காட்பாடிக்காரன்:

அண்ணா, மஞ்சள் ஒயரேதான்! மாட்ட வந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செட்டாப் பாக்ஸில் எச்டிஎம்ஐ ஓட்டையே இல்லை, எச்டி பாக்ஸ் வேண்டுமா என்று கேபிள்காரரிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஓடிடியில் பகலில் நன்றாக இருக்கிற படம் ராத்திரி 9 மணிக்கு மேல் மங்கிவிடுகிறது, அதுவும் இருட்டுக் காட்சி வந்தால் சுவரில் பாசி படிந்த மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது. டிவியில்தான் கோளாறா? நண்பர் ஒருவர் பென்டிரைவில் "4கே" என்று பெயர் போட்டு ஒரு படம் கொடுத்தார், 1.4 ஜிபி, அதுவும் சுமார்தான்.

ஆம்பூர் பாய்:

தம்பி, 1.4 ஜிபியில் 4கே என்பது கால் கிலோ அரிசியில் ஊருக்கே பிரியாணி போடுகிற கதை. எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

இங்கே பார்க்க வேண்டியது எம்பிபிஎஸ். அந்த வார்த்தையைக் கேட்டதும் வேலூர்க்காரர்களுக்கு சி.எம்.சி.தான் ஞாபகம் வரும், இது வேறு, ஒரு வினாடிக்கு எத்தனை மெகாபிட் தகவல் வருகிறது என்ற கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்தை 1.4 ஜிபியில் அடைத்தால் வினாடிக்கு 1.2 எம்பிபிஎஸ்தான் வருகிறது. அந்தக் கால விசிடி ஞாபகம் இருக்கிறதா, ஒரு படத்துக்கு இரண்டு மூன்று சிடி, இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து தட்டை மாற்றுவோமே, அதில் படத்துக்கு ஒதுக்கியது 1.15 எம்பிபிஎஸ். டிவிடியில் 9.8 வரை போகலாம், சாதாரண ப்ளூரேயில் 40, 4கே ப்ளூரே வட்டில் எல்லாம் சேர்த்து 128 வரை. இப்போதைய சுருக்கும் முறை விசிடி காலத்தைவிட எவ்வளவோ கெட்டிக்காரத்தனமானது, அதனால் விசிடி அளவுக்கு மோசமாகத் தெரியாது, ஆனாலும் 83 லட்சம் புள்ளிக்கு 1.2 என்றால் எங்கிருந்து வரும்? பெயர்தான் 4கே. நல்ல 1080பி, அதாவது முழு எச்டி கோப்பு 8 ஜிபி இருந்தால் அது இதைவிடப் பல மடங்கு மேல்.

ராத்திரி மங்குவதும் இதே விஷயம்தான். ஓடிடி ஆப் உங்கள் இணைய வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், குறைந்தால் படம் நிற்காமலிருக்கத் தரத்தை இறக்கிவிடும். நெட்பிளிக்ஸ் 1080பிக்கு 5, 4கேக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது. உங்கள் பிளானில் 100 என்று போட்டிருந்தாலும் 9 மணிக்குத் தெருவே படம் பார்க்கும்போது, அதுவும் மோடம் முன்னறையில், நடுவில் இரண்டு சுவர் என்றால் டிவிக்கு எவ்வளவு போய்ச்சேருகிறது என்று டிவியிலேயே சோதித்துப் பாருங்கள், போனில் பார்த்து ஏமாறாதீர்கள். முடிந்தால் மோடத்திலிருந்து ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். நான் ஆணி அடித்து ஓரமாக 15 மீட்டர் இழுத்தேன், வீட்டில் திட்டினார்கள், அப்புறம் படம் நிற்காமல் ஓடியதும் அடங்கிவிட்டார்கள். இருட்டு, புகை, மழை, இந்த மூன்றும்தான் சுருக்குவதற்குக் கஷ்டமான காட்சிகள். பிட் குறைந்தால் முதலில் அங்கேதான் கட்டம் கட்டும். டிவியில் கோளாறில்லை.

அப்புறம், நீங்கள் கட்டுகிற சந்தாவில் 4கே உண்டா என்று பாருங்கள், நிறைய பேர் குறைந்த பிளானில் இருந்துகொண்டு டிவியைத் திட்டுகிறார்கள். டிவியோடு வருகிற ஆப்பை விட்டுவிட்டு மலிவான ஆண்ட்ராய்டு பெட்டி ஏதாவது வாங்கியிருந்தால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. வைட்வைன் எல்1 என்ற அனுமதி இல்லாத பெட்டிக்குப் பெரிய ஓடிடிகள் எச்டியே கொடுக்காது, 480பியோடு நிறுத்திக்கொள்ளும். என் மச்சான் அப்படியொன்று வாங்கி எட்டு மாதம் 480பியைப் பார்த்துக்கொண்டு "4கேன்னா 4கேதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சத்துவாச்சாரி டீச்சர்:

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாம் சரி. அதற்கு முன்னால் அந்த 11 அடியை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே, நான் கணக்கு டீச்சர், விட மனசில்லை.

கண் டாக்டர் 6/6 என்று எழுதிக்கொடுக்கும் கண்ணால், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோணம் வரை பிரித்துப் பார்க்க முடியும். 55 இன்ச் டிவியின் அகலம் 122 செ.மீ. முழு எச்டி என்றால் 1920ஆல் வகுக்க வேண்டும், ஒரு புள்ளி 0.63 மி.மீ. அந்தப் புள்ளி கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் போகும் தூரம் சுமார் 7 அடி. 4கே புள்ளி அதில் பாதி, ஆகவே தூரமும் பாதி, மூன்றரை அடி. நீங்கள் உட்காருவது 11 அடி. அங்கிருந்து முழு எச்டிக்கும் 4கேக்கும் புள்ளி அளவில் வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை, உங்களுக்கே தெரியாது, அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். இதையே சாதாரண கேபிளுக்குப் போட்டுப் பாருங்கள், 122 செ.மீ.யை 720ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 1.7 மி.மீ., அது மறைய 19 அடி தள்ளி உட்கார வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் 19 அடி என்றால் தெருவில்தான் நாற்காலி போட வேண்டும்! பழைய 21 இன்ச் டிவியில் அதே கேபிள் படம் 7 அடியிலேயே சுத்தமாகத் தெரிந்திருக்கும். "பழைய டிவியே மேல்" என்று அப்பா சொன்னது இந்த 11 அடி ஹாலில் கணக்குப்படியும் உண்மை.

இப்போது அண்ணனோடு சண்டை. 4கே வீண் இல்லை. ஓடிடியில் அதே படத்தின் 4கே பதிப்புக்குத்தான் அதிக பிட் ஒதுக்குகிறார்கள், வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டுகிற எச்டிஆரும் பெரும்பாலும் அதோடுதான் வருகிறது. சாதாரண 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. சாயங்கால வானம் வரும்போது படிக்கட்டு மாதிரி கோடு கோடாகத் தெரியுமே, அது இதில் குறையும். இதைப் பார்க்க மூன்றரை அடிக்குப் போக வேண்டியதில்லை, 11 அடியிலேயே தெரியும்.

ஆனால் பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருப்பதை நம்பி ஆகாயத்தில் பறக்காதீர்கள். அந்தப் படங்களை 1000 நிட்ஸ் வெளிச்சத்துக்கு என்று தயாரிக்கிறார்கள். 38,000 ரூபாய் டிவி பெரும்பாலும் 250, 300 நிட்ஸ்தான் தரும், சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டமுடியாது. சில சமயம் எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அதிகப் பணம் போடுவதென்றால் வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் போடுங்கள், புள்ளிக்குப் போடாதீர்கள். எல்சிடி பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு, எங்கள் வீட்டில் இருப்பது ஐபிஎஸ், ராத்திரிக் காட்சியெல்லாம் சாம்பல் நிறம், விஏ பேனலாக இருந்தால் கறுப்பு இன்னும் கறுப்பாக இருந்திருக்கும். ஆனால் பிள்ளைகள் பாய் போட்டு மூலைக்கொருவராகப் படுத்துப் பார்க்கிற வீட்டில் ஐபிஎஸ்தான் பக்கவாட்டிலும் நிறம் மாறாமல் காட்டும், அதனால் மாற்றவில்லை.

டிவிக்கு எதிரே ஜன்னல் இருந்தால் பகலில் திரை போடுங்கள். நம் ஊர் சித்திரை வெயில் ஹாலுக்குள் விழும்போது எந்த டிவியும் தோற்றுப்போகும்.

குடியாத்தம் மெக்கானிக்:

டீச்சர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், கடைசி வரி கடுப்பில் எழுதியது. காலையில்தான் ஒருவர் ஒன்றரை லட்ச ரூபாய் டிவியை மஞ்சள் ஒயரோடு கொண்டுவந்து "படம் சரியில்லை" என்றார்.

வாலாஜா மொட்டைமாடி:

ஊர்க்காரர்கள் யாரும் செய்யாமலிருக்க என் முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். "4கே சப்போர்ட்" என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு புரொஜக்டர் வாங்கினேன். வந்த பிறகு பொடி எழுத்தைப் படித்தால் "நேட்டிவ் 1280க்கு 720". அதாவது 4கே படத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், வாங்கியதை நசுக்கி 720 ஆக்கித்தான் சுவரில் அடிக்கும். வெளிச்சமும் அப்படித்தான், விளம்பரத்தில் ஆயிரக்கணக்கில் லூமன், அதில் முறைப்படி அளந்து சொல்கிற ஆன்சி லூமன் எவ்வளவு என்று தேடினால் போடவே இல்லை. பகலில் சுத்தமாக ஒன்றும் தெரியாது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். மே மாசம் கரன்ட் இருக்கிற ராத்திரிகளில் மொட்டைமாடிச் சுவரில் 100 இன்ச்சுக்கு அடித்து, 15 அடி தள்ளிப் பாய் போட்டுப் பார்த்தோம், தெருப் பிள்ளைகள் இருபது பேர். டீச்சர் கணக்குப்படி புள்ளி தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

காட்பாடிக்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

மோஷன் சமாச்சாரத்தை அணைத்த அன்றே "இப்பதான் படம்" என்றார் அப்பா. வார்ம் வைத்ததற்கு முதல் இரண்டு நாள் "டிவிக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கு" என்று திட்டினார், மூன்றாவது நாள் மறந்துவிட்டார். வேண்டுமென்றே பழைய மாதிரி மாற்றிக் காட்டினேன், "என்னடா இது, ஐஸ்ல வெச்ச மாதிரி" என்றார். லேன் ஒயர் இழுத்ததும் 9 மணிப் பிரச்சினை பெருமளவு போய்விட்டது.

எச்டி செட்டாப் பாக்ஸ் வாங்கவில்லை. கேபிள்காரரிடம் விசாரித்ததில் அப்பா பார்க்கிற பழைய பட சேனல்களுக்கு எச்டியே கிடையாதாம். அதனால் டியூப் டிவியை அவர் அறைக்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன், மஞ்சள் ஒயரோடு. பகலில் அதில் எம்.ஜி.ஆர்., ஒல்லியாக. ராத்திரி ஹாலில் எங்களோடு புதுசு. சோபாவையும் 8 அடிக்கு இழுத்துவிட்டோம், அதற்குமேல் வந்தால் கதவு திறக்காது.

இப்போது புதுப் புகார்: புதுப்படத்தில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறது, "55 இன்ச்சுக்குக் காசு கொடுத்துட்டு 40 இன்ச்சுக்குப் படம் பாக்கறோம்" என்கிறார். ஜூம் பண்ணி நிரப்பிவிடலாமா?

குடியாத்தம் மெக்கானிக்:

பண்ணாதீர்கள். அது சினிமாஸ்கோப், உயரத்தைப்போல 2.35 மடங்கு அகலம். 16க்கு 9இல் நிரப்பினால் இரண்டு ஓரமும் சேர்த்துக் கால்வாசிப் படம் வெட்டுப்படும், ஓரத்தில் நிற்கிறவர் குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டார். அப்பாவிடம் தமிழின் முதல் சினிமாஸ்கோப் 1973இல் வந்த ராஜராஜ சோழன் என்று ஞாபகப்படுத்துங்கள், தியேட்டரில் அந்த அகலத் திரையைப் பார்த்திருப்பார், அவரே ஒத்துக்கொள்வார்.

அந்த டியூப் டிவியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிற ஃப்ளைபேக் போனால் சொல்லுங்கள், என்னிடம் இன்னும் இரண்டு இருக்கிறது.